பல்லு போன ரம்பத்தைத் தூக்கிப் போடலாமா? விடியா பிளேடுக்கு ஒரு ஃபுல் செக்கப்!

பழைய வீட்டை இடிச்சு எடுத்த உத்திரம். பார்க்க வழவழன்னு இருக்கும். அறுக்க ஆரம்பிச்சு அரை அடி போறதுக்குள்ள 'டங்'னு ஒரு சத்தம். உள்ளே யாரோ எந்தக் காலத்திலோ அடிச்ச ஆணி. மெஷினை நிறுத்திப் பார்த்தா, பிளேடில் 40 பல்லுல ஒண்ணைக் காணோம்.

இந்த இடத்துல பட்டறைக்காரங்க ரெண்டு வகை. "ஒரு பல்லுதானே, ஓட்டு"ன்னு தொடர்ந்து அறுக்கிறவங்க ஒண்ணு. பிளேடைக் கழட்டி பழைய இரும்புக்குப் போடுறவங்க இன்னொண்ணு. முதல் ஆள் கையைப் பணயம் வைக்கிறார். ரெண்டாவது ஆள் காசை விடுறார். நடுவுல மூணாவதா ஒரு வழி இருக்கு. போன பல்லுக்குப் பதிலா புதுப் பல் வைக்கலாம். ஆனா எல்லா பிளேடுக்கும் வைக்க முடியாது. எதுக்கு வைக்கலாம், எதுக்கு வைக்கவே கூடாதுங்கறதைத்தான் இங்க பார்க்கப் போறோம்.

வாணியம்பாடி, ஆம்பூர்னாலே எல்லாருக்கும் தோலும் ஷூவும்தான் ஞாபகம் வரும். ஆனா ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கிற ஆலங்காயம் மாதிரி ஊர்கள்ல கதவு, ஜன்னல், கட்டில் செய்யணும்னா மரப்பட்டறைதான் கதி. தோல் தொழிற்சாலையில ஒரு வசதி உண்டு. தோலை ரெண்டு அடுக்காப் பிரிக்கிற ஸ்பிளிட்டிங் மெஷின்ல ஓடுற பட்டைக் கத்திக்கு, ஓட ஓடவே சாணை பிடிக்கிற கல் அந்த மெஷினுக்குள்ளயே இருக்கும். மர ரம்பத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கழட்டணும், கழுவணும், பார்க்கணும், அனுப்பணும்.

அது என்ன 'விடியா'?

கடையில போய் "விடியா பிளேடு குடுங்க"ன்னு கேட்டிருப்பீங்க. 'விடியா மூஞ்சி'க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல! அது ஒரு ஜெர்மன் பேர். 'வைரம் மாதிரி'ங்கறதுக்கான ரெண்டு ஜெர்மன் வார்த்தைகளைச் சுருக்கி, குரூப் நிறுவனம் 1920-களில் தன்னோட டங்ஸ்டன் கார்பைடுக்கு வச்ச பிராண்டு. கதை அதுக்கும் முன்னாடி பல்புல ஆரம்பிக்குது. பல்புக்குள்ள இருக்கிற டங்ஸ்டன் கம்பியை மெல்லிசா இழுக்க, வைரத்துல ஓட்டை போட்ட அச்சு தேவைப்பட்டுச்சு. வைரம் கட்டுப்படியாகலை. அதுக்கு மாற்று தேடின ஓஸ்ராம் நிறுவனத்துல, கார்ல் ஷ்ரோட்டர் 1923-ல இந்தக் கலவைக்கான காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். டங்ஸ்டன் கார்பைடு பொடியையும் கோபால்ட் பொடியையும் கலந்து, அழுத்தி, சூளையில சுட்டு எடுக்கிறது. கார்பைடு கடினத்தைக் கொடுக்கும், கோபால்ட் பசை மாதிரி பிடிச்சு வைக்கும்.

அதனால இது ரொம்பக் கடினம், ஆனா கண்ணாடி மாதிரி அடி தாங்காது. மரத்தை மாசக்கணக்கா அறுக்கும். ஒரே ஒரு ஆணியில உடையும். சாதாரண இரும்பு ரம்பத்தை முக்கோண அரம் வச்சுத் தீட்டுற மாதிரி இதைத் தீட்டவும் முடியாது. அரத்தைவிட பல்லு கெட்டி. அரம்தான் தேயும்.

ஒரு முக்கியமான விஷயம். பிளேடு முழுக்க கார்பைடு கிடையாது. நடுவுல இருக்கிற தட்டு சாதாரண எஃகு. ஓரத்துல ஒவ்வொரு பல்லோட நுனியிலயும் ஒரு சின்ன கார்பைடு துண்டு, வெள்ளி கலந்த பற்றாசு வச்சு ஒட்டப்பட்டிருக்கு. ரிப்பேர் சாத்தியமாறதே இதனாலதான். துண்டைக் கழட்டலாம், வேற துண்டு ஒட்டலாம். மார்பிள், டைல்ஸ் அறுக்கிற பிளேடு வேற ஜாதி. அதுல இருக்கிறது வைரத்தூள். அதைக் கொண்டுபோய் பல் மாத்தச் சொல்லாதீங்க.

முதல்ல குளிப்பாட்டுங்க

"பிளேடு வெட்டலை, புகையுது"ன்னு தூக்கிட்டு வர்றதுல கணிசமானது உடைஞ்சதே இல்லை, அழுக்கு. பைன் மரப் பெட்டிகளைப் பிரிச்சு சாமான் செய்றவங்களுக்கு இது நல்லாத் தெரியும். பிசின் பல்லுல ஒட்டி, சூட்டுல கருகி, தார் மாதிரி இறுகிடும். பல்லு கூரா இருந்தாலும் மரத்துல இறங்காது.

பிளக்கைப் பிடுங்குங்க. சுவிட்சை மட்டும் அணைச்சா போதாது, பிளக்கையே பிடுங்கணும். பிளேடைக் கழட்டி, சோப்புத்தூள் கலந்த வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊற வச்சு, பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க. கம்பி பிரஷ் வேண்டாம். ஆசிட் பக்கமே போகாதீங்க, அது கோபால்ட்டை அரிச்சிடும். கழுவின உடனே துடைச்சு, வெயில்ல காய வச்சு, லேசா எண்ணெய் தடவுங்க. பாதி பிளேடுகள் இத்தோட பிழைச்சுக்கும்னு சொன்னா மிகையா இருக்கலாம். ஆனா கழுவாம எதையும் சாணைக்கு அனுப்பாதீங்க. அழுக்குக்கு அடியிலதான் விரிசல் ஒளிஞ்சிருக்கும்.

உங்க போன்தான் லென்ஸ்

இப்போ போன் கேமராவை எடுங்க. மேக்ரோ மோடு இருந்தா நல்லது, இல்லைன்னா ரெண்டு மடங்கு ஜூம் போதும். பிளேடுல ஒரு பல்லுக்கு மார்க்கர்ல புள்ளி வச்சுட்டு, அங்கிருந்து ஒவ்வொண்ணா படம் எடுத்துட்டே போங்க. பக்கத்துல டார்ச் வெளிச்சம் சாய்வா விழணும். கண்ணுக்குத் தெரியாத மொட்டை, ஓரத்துல சிதறின துணுக்கு, எல்லாம் படத்துல பளிச்னு தெரியும்.

பல்லுல என்ன பார்க்கணும்? ஓரத்துல ஒளி பட்டு வெள்ளைக் கோடு மாதிரி மின்னினா அது மழுங்கின பல். கூரான ஓரம் ஒளியைத் திருப்பாது. நுனியில சின்னதா உதிர்ந்திருந்தா சாணையிலயே சரியாகும். பல் பாதியா உடைஞ்சிருந்தாலோ, முழுசா காணாமப் போயிருந்தாலோ, புதுப் பல் வைக்கணும். பல் இருக்கு, ஆனா ஒட்டின இடத்துல மெல்லிய கறுப்புக் கோடு தெரியுதுன்னா, அது இப்பவோ அப்பவோன்னு இருக்கிற பல். அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

பல்லைவிட முக்கியம் தட்டு. ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்தோட அடிமடியைத்தான் உற்றுப் பார்க்கணும். களைச்சுப்போன எஃகு அங்கிருந்துதான் கீற ஆரம்பிக்கும். ஓரத்துலேர்ந்து உள்ளே போற நீளமான வெட்டுகளைப் பார்த்துப் பயந்துடாதீங்க. அது கம்பெனியே விட்ட விரிவுப் பிளவு. சூடாகும்போது தட்டு விரிய இடம் வேணும்ல? பெரும்பாலும் நேரா, ஒரே இடைவெளியில இருக்கும், முனையில ஒரு வட்ட ஓட்டை இருக்கும். விரிசல் அப்படி இருக்காது. தலைமுடி மாதிரி கோணலா, எங்கேயாவது ஒரு இடத்துல மட்டும் இருக்கும்.

சந்தேகமா இருக்கா? பழைய மெக்கானிக்குகளோட சோதனை ஒண்ணு உண்டு. அந்த இடத்துல மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிஷம் விட்டு, சுத்தமாத் துடைச்சுட்டு, மேலே சாக்பீஸ் பொடியைத் தேய்ங்க. விரிசல் இருந்தா உள்ளே போன எண்ணெய் மெல்ல வெளியே கசிஞ்சு, வெள்ளைப் பொடியில கோடு விழும். (விரலால சுண்டி மணிச் சத்தம் கேட்கிறது கிரைண்டிங் கல்லுக்கான சோதனை. பிளேடுக்கு அதை நம்பாதீங்க.)

கோடு விழுந்துச்சா? கதை முடிஞ்சது. தட்டுல விரிசல் விட்ட பிளேடை எந்தப் பட்டறைக்காரர் "வெல்டு வச்சுத் தர்றேன்"னு சொன்னாலும் குடுக்காதீங்க. விரிசல் முனையில ஓட்டை போட்டு நிறுத்தலாம்னு ஒரு யோசனையும் சுத்துது. ஓடுற பிளேடுக்கு அதுவும் வேண்டாம். பல்லு போனா வைக்கலாம், தட்டு போனா வைக்க முடியாது. இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க.

தட்டு நீலம் பாய்ஞ்சிருந்தா அது சூடு ஏறினதுக்கு அடையாளம். சமதளமான கண்ணாடி மேல வச்சுப் பார்த்தா ஆடும். பெரிய ரம்பங்களை சுத்தியலால தட்டித் தட்டி நேராக்கி, இழுவிசையைத் திரும்பக் கொண்டுவர்ற நிபுணர்கள் இருக்காங்க. ஆங்கிலத்துல அவங்களுக்கு 'சா டாக்டர்'னே பேரு. உங்க பிளேடு 10 இன்ச்தான்னா அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. விட்டுடலாம்.

ஒரு பல்லுதானே போச்சு?

சின்னக் கணக்கு. 10 இன்ச் பிளேடு, 40 பல், நிமிஷத்துக்கு 4,000 சுத்து. நீங்க நிமிஷத்துக்கு 4 மீட்டர் வேகத்துல மரத்தைத் தள்ளுறீங்கன்னா, ஒவ்வொரு பல்லும் எடுக்கிற சீவல் 0.025 மி.மீ. ஒரு பல் இல்லைன்னா, அதுக்கு அடுத்து வர்ற பல் ரெண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிடணும். 0.05 மி.மீ. ஒவ்வொரு சுத்துலயும், நிமிஷத்துக்கு 4,000 தடவை. அது மழுங்கும், இல்லைன்னா உடையும். உடைஞ்சா அதுக்கு அடுத்தவர் மூணு பேர் சாப்பாடு. வரிசையா நாலஞ்சு பல் போன பிளேடைப் பார்த்திருப்பீங்களே, அது இப்படித்தான்.

போற பல்லு எங்கே போகும்? அந்த பிளேடோட ஓரம் மணிக்கு சுமார் 190 கி.மீ. வேகத்துல ஓடுது. ஆம்பூரைத் தாண்டிப் போற வந்தே பாரத்கூட அவ்வளவு வேகம் போறதில்லை. அந்த வேகத்துல தெறிக்கிற, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. எடையோ இரும்பைப் போல ரெண்டு மடங்கு. கண்ணாடி போடாம மெஷின் முன்னாடி நிக்கிறவங்க யோசிச்சுக்கோங்க.

பல் கட்டுற வேலை

கார்பைடு பல் மாத்துற வசதி எல்லா ஊர்லயும் இருக்காது. பக்கத்து பெரிய ஊருக்கு பார்சல்லதான் அனுப்ப வேண்டியிருக்கும். ஆனாலும் அங்க என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா, உங்களை யாரும் ஏமாத்த முடியாது.

நகைப் பட்டறையில பற்ற வைக்கிறதைப் பார்த்திருந்தா பாதி வேலை உங்களுக்குத் தெரியும். பற்றாசு உண்டு, பொடி உண்டு, தீ உண்டு. உடைஞ்ச பல்லோட மிச்சத்தைச் சூடாக்கித் தள்ளி எடுத்துடுவாங்க. அது உட்கார்ந்திருந்த படியை, துரு, பழைய பற்றாசு எதுவும் இல்லாம பளபளன்னு சுத்தம் பண்ணுவாங்க. கைரேகை எண்ணெய்கூட இருக்கக் கூடாது. புதுத் துண்டு, மத்த பல்லுகளோட அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கணும். அப்புறம் சாணையில சமன் பண்ணத்தான்.

பொடி விஷயத்துல நகைக்கும் இதுக்கும் வித்தியாசம் உண்டு. நகைக்கு வெங்காரம் போதும். வெள்ளிப் பற்றாசு 650-லேர்ந்து 700 டிகிரி செல்சியஸ்ல உருகிடும், வெங்காரம் நல்லா இளகி வேலை செய்ய அதைவிட அதிகச் சூடு வேணும். அதனால ஃபுளோரைடு கலந்த பேஸ்ட்டைத் தடவுவாங்க. அதோட புகை நல்லதில்லை, காற்றோட்டம் அவசியம். நடுவுல வைக்கிற பற்றாசுத் தகட்டுல கிட்டத்தட்ட பாதி வெள்ளி இருக்கும். பெரிய பல்லுன்னா வெள்ளி, செம்பு, வெள்ளின்னு மூணு அடுக்குத் தகடு. செம்பு எதுக்கு? சூட்டுல எஃகு எவ்வளவு விரியுதோ, அதுல பாதிதான் கார்பைடு விரியும். ஆறும்போது எஃகு அதிகமாச் சுருங்கி பல்லைப் பிடிச்சு இழுக்கும். நடுவுல இருக்கிற மெத்துன்னு இருக்கிற செம்பு அந்த இழுவையை வாங்கிக்கும். மாமியார், மருமகள் நடுவுல மாட்டின பையன் மாதிரி.

தீயை நேரா பல்லு மேல காட்டக் கூடாது. எஃகுப் பக்கம் சூடு ஏறி, அது பல்லுக்குப் போகணும். மங்கலான சிவப்பு வந்ததும் பற்றாசு தண்ணி மாதிரி ஓடும். அந்த நொடியில ஒரு கம்பியால பல்லை லேசா அழுத்தி, முன்பின் ஒரு அசைப்பு. உள்ளே மாட்டின பொடியும் காத்தும் வெளியே வந்துடும். அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். தண்ணியில முக்கினா போச்சு. பல் விரிசல் விடும், பக்கத்து எஃகும் மொறுமொறுன்னு ஆயிடும். தானா ஆறணும். நல்ல பட்டறையில அதுக்கப்புறம் மிதமா ஒரு தடவை சூடு காட்டி எஃகைப் பதப்படுத்துவாங்க.

தெரு முனை வெல்டிங் கடையில ஆர்க் வெல்டு வச்சா? கார்பைடு அந்த நொடியே வெடிக்கும். ஃபெவிக்விக், எம்-சீல்னு யோசிக்கிறவங்களுக்கு பதில் சொல்ல விருப்பமில்லை.

ஒட்டினா மட்டும் வேலை முடியாது. புதுப் பல் மத்தவங்களைவிட ஒரு மயிரிழை உயரமா இருந்தாலும், மொத்த வேலையும் அது தலையில விழுந்து முதல்ல அதுதான் உடையும். அதனால ஒரு பல் மாத்தினாலும் எல்லாப் பல்லையும் வைரக் கல்லுல சேர்த்துத் தீட்டணும். பல்லுக்குப் பல் சாய்வு இடது, வலதுன்னு மாறி மாறி இருக்கும். அந்தச் சாய்வு மாறாம தீட்டுறதுக்குத்தான் தனி மெஷின். கைல பிடிச்சு கிரைண்டர்ல தீட்டித் தர்றேன்னு யாராவது சொன்னா, பிளேடைத் திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க.

குடுக்கும்போது மூணு கேள்வி கேளுங்க. எல்லாப் பல்லையும் சேர்த்துத் தீட்டுவீங்களா? தட்டு ஆடுதான்னு டயல் கேஜ் வச்சுப் பார்ப்பீங்களா? பற்றாசுல காட்மியம் இருக்கா? மூணாவது கேள்வி உங்களுக்காக இல்லை, அங்க வேலை பார்க்கிற பையனுக்காக. காட்மியம் கலந்த பற்றாசு சுலபமா ஓடும், அதனால சில இடங்கள்ல பிடிக்கும். ஆனா காட்மியம் 767 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாகும். கொஞ்சம் தீ கூடினா போதும், மூச்சுல ஏறுற அந்தப் புகை உயிரையே எடுக்கலாம். சாணைத் தூசியும் லேசுப்பட்டதில்லை. கோபால்ட் கலந்த கார்பைடு தூசியால வர்ற நுரையீரல் நோய்க்கு மருத்துவத்துல தனிப் பேரே இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கலவையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பட்டியல்லயும் வச்சிருக்கு. தண்ணி விட்டுத் தீட்டணும், நல்ல மாஸ்க் போடணும். மூக்குல கர்ச்சீஃப் கட்டினா அந்தத் தூசி நிக்காது.

எது லாபம்?

சாணைக் கூலி பெரும்பாலும் பல் கணக்குல. அதனால 4 இன்ச், 5 இன்ச் மலிவு பிளேடுக்கு பல் கட்டுறது, செருப்பு விலையைவிட தையல் கூலி அதிகம்ங்கற கதைதான். 10 இன்ச்சுக்கு மேல, நல்ல தயாரிப்பு, ஒண்ணு ரெண்டு பல் மட்டும் போயிருக்குன்னா தாராளமா மாத்தலாம். என்னோட கணக்கு இது: பல் கூலி, சாணைக் கூலி, பார்சல் எல்லாம் சேர்த்துப் புது பிளேடு விலையில பாதியைத் தாண்டினா விட்டுடுங்க. மிச்ச பல்லுகளோட கார்பைடு 1 மி.மீ-க்கும் கீழே தேஞ்சிருந்தாலும் விட்டுடுங்க. ஒரு புதுப் பல்லுக்காக 39 கிழட்டுப் பல்லைக் காப்பாத்தி என்ன பண்றது?

திரும்பி வந்த பிளேடை மாட்டினதும் மரத்தை வச்சுடாதீங்க. ரெண்டு நிமிஷம் காலியா ஓட விடுங்க, நீங்க பிளேடுக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல தள்ளி நில்லுங்க. ஒட்டு சரியில்லாத பல்லு போறதா இருந்தா அப்பவே போகட்டும். அடுத்த தடவை பழைய மரம், ரோட்டோரப் புளியமரம் எது வந்தாலும், கையில ஒரு காந்தத்தையோ மெட்டல் டிடெக்டரையோ வச்சு ஒரு தடவு தடவிடுங்க. டியூஷன் சென்டர், ஜவுளிக் கடை, அரசியல் கட்சின்னு எல்லா போர்டுக்கும் ஆணி வாங்கின மரம் அது.

4 இன்ச் கிரைண்டர்ல மர பிளேடா?

இதைச் சொல்லாம விட முடியாது. ஆங்கிள் கிரைண்டர்ல கார்டைக் கழட்டிட்டு, பல்லு வச்ச மர பிளேடை மாட்டி, ஒரு கையில பிடிச்சு அறுக்கிறதை ரீல்ஸ்ல பார்க்கிறோம், பட்டறையிலயும் பார்க்கிறோம். கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000, 12,000 சுத்து ஓடும். 110 மி.மீ. பிளேடு 12,000 சுத்துல ஓடினா ஓரத்தோட வேகம் மணிக்கு 249 கி.மீ. மரம் கவ்விப் பிடிச்சா மெஷின் உங்களை நோக்கித் துள்ளும். பல் கட்டின பிளேடை அதுல மாட்டுறது இன்னும் மோசம். பிளேடு மேலயே அதிகபட்ச சுத்து அச்சடிச்சிருக்கும், மெஷினோட சுத்து அதைத் தாண்டக் கூடாது. தாண்டலைன்னாலும், கிரைண்டர் மர பிளேடுக்கான மெஷின் இல்லை.

அதையும் மீறி விரல் போயிடுச்சுன்னா? காயத்தைச் சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு, கையை உயர்த்தி வைங்க. துண்டான விரலை ஈரத் துணியில சுத்தி, தண்ணி புகாத கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல வைங்க. விரலை நேரா ஐஸ்ல போட்டா திசு செத்துடும். 108-க்குக் கூப்பிட்டு, 'விரல் துண்டாயிடுச்சு'ன்னு முதல் வார்த்தையிலயே சொல்லுங்க. 1940-கள்லயே டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளோட கைகளுக்கு அறுவை சிகிச்சை செஞ்சு பேர் வாங்கின வேலூர் சி.எம்.சி-யில, அவர் பேர்லயே கை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருக்கு.

உடைஞ்ச பல்லைத் தேடி எடுங்க

விட்டுட வேண்டிய பிளேடையும் அப்படியே இரும்புக் கடைக்குப் போடாதீங்க. அந்தச் சின்னத் துண்டுல இருக்கிறது டங்ஸ்டன். உலக உற்பத்தியில பெரும்பகுதி சீனாவிலேர்ந்துதான் வருது. மதுரை மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்கை 2024 நவம்பர்ல இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்துல ஒதுக்கினதும், அரிட்டாபட்டி உள்ளிட்ட கிராமங்கள் ரோட்டுக்கு வந்ததும் ஞாபகம் இருக்கும். டிசம்பர் 9-ல சட்டசபை தீர்மானம் போட்டுச்சு, 2025 ஜனவரி 23-ல மத்திய அரசு ஏலத்தை ரத்து செஞ்சது. மலையைத் தோண்டி எடுக்க நினைச்ச அதே உலோகம், உங்க பட்டறை மரத்தூள்ல கிடக்குது. கார்பைடு கழிவைத் திரும்பப் பயன்படுத்துற தொழில் உலகம் முழுக்க இருக்கு, விலை இரும்பைவிடப் பல மடங்கு.

ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை மெஷின் பக்கத்துல வைங்க. தேஞ்ச பல், உடைஞ்ச துண்டு, பழைய டிரில் பிட் நுனி எல்லாம் அதுல. சாதாரண காந்தத்துல கார்பைடு இரும்பு அளவுக்கு 'டக்'குன்னு ஒட்டாது, லேசாத்தான் இழுபடும். அதை வச்சே பிரிச்சுடலாம். டப்பா நிறையறதுக்கு வருஷம்கூட ஆகலாம். நிறைஞ்சதும் தூக்கிப் பாருங்க, கை கீழே இறங்கும். கடைக்காரர் "எல்லாம் இரும்பு விலைதான்"னு சொன்னா, டப்பாவை எடுத்துட்டு அடுத்த கடைக்கு நடங்க.